நீதிபதியின்மேல் முறையீடு: கேட்பவர் யார்?



சிலப்பதிகாரக் கதையை நாம் எல்லோரும் அறிவோம். கையிலே ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி பாண்டியன் அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். அவள் கொண்டு வந்த வழக்கு கள்வன்மேல் அன்று. தீர்ப்புச் சொன்ன மன்னன்மேல். அந்தக் காட்சியில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒருவன் உண்டு. அவன்தான் வாயிற்காவலன். அவளைக் கண்டு அவன் அஞ்சினான். ஆனாலும் விரட்டவில்லை, மறைக்கவும் இல்லை. உள்ளே சென்று, இன்ன கோலத்தில் ஒருத்தி சிலம்பேந்தி வாயிலில் நிற்கிறாள் என்று மன்னனிடம் உள்ளபடி சொன்னான். அதன் பிறகே வழக்கு நடந்தது, உண்மை வெளிப்பட்டது. அந்தக் காவலன் அன்று வாய் மூடி இருந்திருந்தால் மதுரையில் நீதி என்ன ஆகியிருக்கும்?

நாம் இன்று பார்க்கப்போவது இக்கால வாயிற்காவலர் ஒருவரைப் பற்றி. நீதிபதிகளின் நடத்தையை ஆராய்வதற்கென்று பல நாடுகளில் ஆணையங்கள் இருக்கின்றன. அந்த ஆணையங்களின் உறுப்பினர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு. ஆனால் அவற்றின் அலுவலகத்தைத் தலைமை தாங்கி நடத்தும் அதிகாரியைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. குடிமக்களின் கடிதம் முதலில் வந்து சேர்வது அவருடைய மேசைக்குத்தான். அந்தப் பதவி எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது, எந்தச் சோதனைகளைச் சந்தித்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இது நமக்கு எட்டாத பொருள் அன்று. நம் மலேசிய நாட்டிலே 1988ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 125ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அமைக்கப்பட்டு, நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நீதிபதியை விசாரிப்பவர் யார், எந்த முறையில் விசாரிப்பது, அந்த விசாரணையே நேர்மையானதுதானா என்ற கேள்விகள் அப்போது வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. ஆகவே, இதற்கென்று நிரந்தரமான ஓர் ஏற்பாட்டை முதலில் கண்ட இடத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நமக்கும் பயன் தரும். அந்த இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலம்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நீதிபதிகள் மக்களின் வாக்கைப் பெற்றே பதவியில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவும் அப்படிப்பட்டதே. தவறு செய்யும் நீதிபதியை நீக்குவதற்கு அங்கே பழைய வழிகள் மூன்று இருந்தன. தேர்தலில் அவரைத் தோற்கடிக்கலாம். 1911ஆம் ஆண்டிலே வந்த திருத்தத்தின்படி, வாக்காளர்கள் கையெழுத்துத் திரட்டி அவரைத் திரும்ப அழைக்கலாம். அல்லது சட்டமன்றத்தின் கீழவை குற்றம் சாட்ட, மேலவை விசாரித்துப் பதவி நீக்கம் செய்யலாம்.

ஏட்டில் பார்க்கும்போது மூன்றும் நல்ல வழிகளே. நடைமுறையில் என்ன நடந்தது? 1862ஆம் ஆண்டில் ஹார்டி என்ற மாவட்ட நீதிபதி மேலவையால் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டுப் பதவி இழந்தார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1929ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த மற்றொரு நீதிபதியின்மேல் அத்தகைய விசாரணை நடந்தது. வியப்பு என்னவென்றால் அவர் பெயரும் ஹார்டியே. அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த சமயப் பிரசங்கி ஏமி செம்பிள் மக்பர்சன் அம்மையாரிடமிருந்து 2500 டாலர் பெற்றார் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. நாடே வேடிக்கை பார்த்தது. முடிவில் மேலவை அவரை விடுதலை செய்தது.

இவ்வளவு பெரிய மாநிலத்தில், இத்தனை நீண்ட காலத்தில், பேர்சொல்லக்கூடிய விசாரணைகள் இவை போன்ற சிலவே. அப்படியானால் மற்ற நீதிபதிகள் எல்லோரும் அப்பழுக்கற்றவர்கள் என்று பொருளா? அன்று. கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பார் உண்டா? சட்டமன்றம் முழுவதும் தன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு நீதிபதியை விசாரிப்பதென்றால், குற்றம் மிகப் பெரியதாக இருக்கவேண்டும். ஆனால் நீதிமன்றத்துக்கு வந்துபோகும் சாதாரண மக்களை வாட்டிய குறைகள் வேறு வகையானவை. முதுமையால் நினைவு தவறிப்போன நீதிபதி ஒருவர். குடித்துவிட்டு ஆசனத்தில் அமரும் ஒருவர். ஏழை வழக்காளிகளை ஏசி அவமானப்படுத்தும் ஒருவர். வழக்கைக் கேட்டு முடித்தும் தீர்ப்புச் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் ஒருவர். இவர்களைக் கண்டிக்க வழியே இல்லை.

தீர்ப்புத் தாமதத்தைப் பற்றி அங்கே ஒரு சுவையான விதி உண்டு. ஒரு வழக்கு தீர்ப்புக்காக ஒப்படைக்கப்பட்டு 90 நாட்கள் ஆகியும் முடிவு சொல்லப்படாமல் இருந்தால், அந்த நீதிபதி தம் சம்பளத்தைப் பெற முடியாது. அப்படி எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்ட பிறகே சம்பளம். நல்ல விதிதான். ஆனால், நீதிபதியே பொய்யாகக் கையொப்பமிட்டால் அதை யார் கேட்பது?

1940ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை கலிபோர்னியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர் பில் கிப்சன். நீதிமன்ற நிர்வாகத்தைச் சீர்திருத்துவதில் பேரார்வம் கொண்டவர். நீதிபதிகளின் குறைகளை நிரந்தரமாகக் கவனிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற திட்டத்துக்கு அவர் ஆதரவாக நின்றார். 1960ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இத்திட்டம் அரசியலமைப்புத் திருத்தமாக மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நீதிபதிகளின் தகுதி ஆணையம் இவ்வாறு பிறந்தது. அமெரிக்க மாநிலங்களில் இவ்வகையில் ஏற்பட்ட முதல் நிரந்தர அமைப்பு இதுவே.

ஆணையத்தில் 9 உறுப்பினர்கள். அவர்களில் ஐவர் நீதிபதிகள். அவர்களை மாநில உச்ச நீதிமன்றம் நியமித்தது. இருவர் வழக்கறிஞர்கள், அவர்களை வழக்கறிஞர் மன்றம் நியமித்தது. மற்ற இருவர் பொதுமக்களின் சார்பில் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். ஆணையம் தானாக யாரையும் நீக்க முடியாது. ஆராய்ந்து, உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரை செய்யலாம். முடிவு அந்த நீதிமன்றத்தின் கையில்.

நேயர்களே, இங்கேதான் நம் வாயிற்காவலர் வருகிறார். ஆணைய உறுப்பினர்கள் 9 பேருக்கும் வேறு வேலைகள் உண்டு. நீதிபதி தம் நீதிமன்றத்தில் இருப்பார். வழக்கறிஞர் தம் கட்சிக்காரர்களோடு இருப்பார். இடையிடையே கூடிப் பேசிவிட்டுக் கலைவார்கள். நாள்தோறும் அலுவலகத்தைத் திறந்து, கடிதங்களைப் பிரித்து, கோப்புகளைப் பேணி, வேண்டிய விவரங்களைத் திரட்டி வைப்பது யார்? அதற்காகவே நிர்வாகச் செயலாளர் என்ற பதவி ஏற்பட்டது. 1961ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றவர் ஜாக் பிராங்கெல் என்ற வழக்கறிஞர். சான் பிரான்சிஸ்கோ நகரில், மிகச் சிறிய அலுவலகத்தில் பணி தொடங்கியது. பின்பற்றுவதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவரே அந்த அலுவலகத்தை நடத்தினார்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கடிதத்தை எழுதியவர் பெரும்பாலும் வழக்கில் தோற்றவர். வீட்டை இழந்திருப்பார், பிள்ளையைப் பிரிந்திருப்பார், மனம் புண்பட்டு எழுதியிருப்பார். அலுவலகம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். இவர் குறை சொல்வது நீதிபதியின் தீர்ப்பைப் பற்றியா, நடத்தையைப் பற்றியா? தீர்ப்பு தவறு என்றால் அதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. ஆணையம் அதில் தலையிட முடியாது. தலையிடத் தொடங்கினால் ஒவ்வொரு நீதிபதியும், தோற்றவர் நம்மேல் புகார் எழுதுவாரோ என்று அஞ்சி அஞ்சித் தீர்ப்புச் சொல்லும் நிலை வந்துவிடும். அப்போது நீதித்துறையின் சுதந்திரம் எங்கே?

வரும் முறையீடுகளில் மிகப் பெரும்பான்மை இந்த வகையைச் சேர்ந்தவையே. அண்மைப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அங்கே வருகின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது அளவுக்குத் தொடக்க ஆய்வோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே, இந்த அலுவலகத் தலைவரின் அன்றாட வேலை நீதிபதிகளைத் தண்டிப்பது அன்று. உங்கள் முறையீட்டை ஆணையம் எடுத்துக்கொள்ள முடியாது என்ற விடையை, மனம் நொந்த மனிதருக்குப் புரியும்படியும் புண்படாதபடியும் எழுதுவதுதான். இது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் அக்கடிதங்களின் நடுவேதான், எழுத்துப் பிழையோடும் கோபத்தோடும் எழுதப்பட்டிருந்தாலும், உண்மையான குற்றத்தைச் சொல்லும் கடிதமும் இருக்கும். நெல்லோடு பதராகவும் பதரோடு நெல்லாகவும் கலந்து கிடக்கும். அதைப் புடைத்தெடுக்கும் முறம் இந்த அலுவலகம்.

உண்மை இருக்கக்கூடும் என்று தோன்றினால் அடுத்த படி. நீதிமன்றப் பதிவேடுகளைப் பார்ப்பார்கள். நேரில் கண்டவர்களை விசாரிப்பார்கள். பிறகு நீதிபதிக்கே கடிதம் எழுதி அவருடைய விளக்கத்தைக் கேட்பார்கள். விளக்கம் பொருந்தவில்லை என்றால் முறையான குற்றச்சாட்டு, அதன்மேல் விசாரணை. அத்தகைய விசாரணையில் சாட்சியம் கேட்க மூன்று நீதிபதிகளை உச்ச நீதிமன்றம் நியமிக்கும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு முக்கியமான படியிலும் வாக்களித்து முடிவு செய்பவர்கள் ஆணைய உறுப்பினர்களே. அலுவலகத் தலைவருக்கு வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் முன்னால் வைக்கப்படும் கோப்பு முழுமையானதா, ஒருதலைப்பட்சமானதா என்பது அவரைப் பொறுத்தது. வாக்கு இல்லாத அவருடைய கையில் இருக்கும் பொறுப்பு அவ்வளவு பெரியது.

இந்த வேலை முழுவதும் அக்காலத்தில் இரகசியமாக நடந்தது. அதற்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, பொய்ப் புகார் ஒன்று வெளியே தெரிந்தாலும் நீதிபதியின் நற்பெயர் கெடும். அதன் பிறகு அவர் கூறும் தீர்ப்பை யார் மதிப்பார்? இரண்டாவது, சாட்சி சொல்பவரின் அச்சம். ஒரு நீதிபதி குடித்துவிட்டு வந்தார் என்பதை நன்கு அறிந்தவர் அந்த நீதிமன்றத்தின் எழுத்தராக இருப்பார். அல்லது அவர்முன் வழக்காடும் வழக்கறிஞராக இருப்பார். நாளைக்கும் அதே நீதிபதியின் முன்னால் நிற்கவேண்டியவர் அவர். பெயர் வெளியாகாது என்ற உறுதி இல்லாவிட்டால் வாய் திறக்கமாட்டார். மூன்றாவது, தம் குறை அம்பலமாகாமல் கௌரவமாக விலகிக்கொள்ளலாம் என்ற வழி இருந்தால், முதுமையாலோ நோயாலோ தளர்ந்த நீதிபதி தாமாகவே ஓய்வு பெறுவார்.

அப்படித்தான் நடந்தது. ஆணையத்தின் கடிதம் வந்தவுடன் ஓய்வு பெற்றவர்களும் பதவி விலகியவர்களும் தொடக்க ஆண்டுகளிலேயே பலர். வழக்கும் இல்லை, வாதமும் இல்லை, செய்தியும் இல்லை. பழைய முறையில் பல்லாண்டுகளில் நடவாத காரியம் ஒரு சிறிய அலுவலகத்தின் கடிதங்களால் நடந்தது. மற்ற மாநிலங்கள் இதைக் கவனித்தன. ஒவ்வொன்றாகத் தங்களுக்கும் இப்படி ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. 1981ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் தலைநகரான வாஷிங்டனிலும் நீதிபதிகளின் நடத்தையைக் கவனிக்கும் அமைப்புகள் வந்துவிட்டன.

ஆயினும், வெளிப்படையாகப் போராடவேண்டி வந்தபோது பாதை எளிதாக இருக்கவில்லை. ஒரு நீதிபதியை நீக்கும்படி ஆணையம் செய்த பரிந்துரையை 1964ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் ஒரு நீதிபதி பதவி நீக்கம் செய்யப்பட்டது 1973ஆம் ஆண்டில்தான். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஆணையத்தின் பெயரை நீதிபதிகளின் பணித்திறன் ஆணையம் என்று மாற்றியது. சிறு தவறுகளுக்குத் தனிப்பட்ட முறையில் எச்சரிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது.

அதே திருத்தம் மற்றொரு சிக்கலுக்கும் வழி கண்டது. தவறியவர் உச்ச நீதிமன்றத்து நீதிபதியாகவே இருந்தால் என்ன செய்வது? அவரோடு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது என்று கருதி, மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் நீதிபதிகளிலிருந்து ஏழு பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அவர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த ஏற்பாடு 1977ஆம் ஆண்டிலேயே பயன்பட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி மார்ஷல் மக்கோம்ப் எண்பது வயதைக் கடந்தவர். முதுமையால் மனம் தளர்ந்து கடமையைச் செய்ய இயலாத நிலையில் இருந்தார். தாமாக விலகவும் இல்லை. குலுக்கலில் வந்த எழுவரும் ஆராய்ந்து அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய சோதனை 1979ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் மாதத்தில் தேர்தல். தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் அம்மையார் பதவியில் தொடர்வதா என்று வாக்காளர்கள் முடிவு செய்யவேண்டிய தேர்தல் அது. துப்பாக்கியைக் காட்டிக் குற்றம் செய்தவருக்குக் கட்டாயச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் தொடர்பான ஒரு வழக்கில், மக்களுக்குப் பிடிக்காத தீர்ப்பு தயாராகிவிட்டது என்றும், தேர்தல் முடியட்டும் என்று அதை உச்ச நீதிமன்றம் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது என்றும் தேர்தல் நாளன்று செய்தித்தாளில் வெளியாயிற்று. அம்மையார் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ஆனால் சந்தேகம் அடங்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் நடத்தையையே ஆராயவேண்டிய பொறுப்பு ஆணையத்தின் தலையில் விழுந்தது.

நேயர்களே, அந்த அலுவலகத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆணையத்தின் 9 உறுப்பினரில் ஐவரை நியமித்தது அதே உச்ச நீதிமன்றம். மற்ற நாட்களில் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்பதும் தள்ளுவதும் அதே உச்ச நீதிமன்றம். இப்போது அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளைத்தான் ஆணையம் அழைத்துக் கேள்வி கேட்கவேண்டும். இரகசியமாக விசாரித்தால் மூடிமறைக்கிறார்கள் என்பார்கள். ஆகவே, விதியைத் திருத்தி, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை தொடங்கிற்று. நீதிபதிகள் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஸ்டான்லி மாஸ்க் மட்டும் மறுத்தார். விசாரணைகள் இரகசியமாக நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லும்போது, விதி ஒன்றைக் கொண்டு அதை மீற முடியாது என்பது அவருடைய வாதம். வழக்கு நடந்தது. அவர் வாதமே வென்றது. பாதியிலே கதவு மூடப்பட்டது. எஞ்சிய விசாரணை மூடிய அறைக்குள் முடிந்தது. எவர்மேலும் குற்றச்சாட்டு இல்லை என்று நவம்பர் மாதத்தில் ஆணையம் அறிவித்தது.

சட்டப்படி எல்லாம் சரியே. ஆனால் மக்களுக்கு மனநிறைவு ஏற்படவில்லை. குற்றம் இருந்திருந்தால் அது மறைந்துபோயிற்று. குற்றம் இல்லை என்றால் நீதிபதிகளின்மேல் விழுந்த கறை கழுவப்படாமலே நின்றது. இரகசியம் இரு பக்கத்தாருக்கும் கேடாக முடிந்தது. தொடக்க ஆண்டுகளில் அந்த அலுவலகத்துக்குக் கருவியாக இருந்த அதே மறைப்புதான் இப்போது அதன்மேல் நம்பிக்கையைக் குறைத்தது.

இதன் விளைவாகவே பின்னால் வந்த திருத்தங்களை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டில் சில வகை விசாரணைகளைப் பகிரங்கமாக நடத்த வாக்காளர்கள் இடம் கொடுத்தார்கள். 1994ஆம் ஆண்டில் மேலும் பெரிய மாற்றம் வந்தது. ஆணைய உறுப்பினர்கள் 11 பேர் ஆனார்கள். அவர்களில் நீதிபதிகள் மூவர், வழக்கறிஞர்கள் இருவர், பொதுமக்கள் ஆறு பேர். நீதிபதிகளுக்கு இருந்த பெரும்பான்மை பொதுமக்களுக்குப் போயிற்று. முறையான குற்றச்சாட்டு எழுந்துவிட்டால் அது பகிரங்கம், விசாரணையும் பகிரங்கம். பதவி நீக்கத்தை ஆணையமே முடிவு செய்யலாம். நீதிபதி விரும்பினால் உச்ச நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். தொடக்க ஆய்வு மட்டும் முன்போல் இரகசியமாகவே நடக்கிறது. முளையிலேயே கிள்ளவேண்டிய பொய்ப் புகாரிலிருந்து நல்லவரைக் காப்பாற்ற அது தேவை.

அலுவலகத்தின் உள்ளேயும் பாகுபாடுகள் வந்தன. பழைய நாளில் கடிதத்தைப் பிரிப்பவரும், விசாரிப்பவரும், ஆணையத்துக்கு ஆலோசனை சொல்பவரும் ஏறக்குறைய ஒருவரே. ஒருவரே வழக்கைத் தொடுத்துவிட்டு, அவரே தீர்ப்புச் சொல்பவர்களின் காதிலும் ஓதினால் அது முறையாகுமா? ஆகவே பணிகள் பிரிக்கப்பட்டன. முறையீடுகளை ஆராயும் வழக்கறிஞர்கள் தனி. விசாரணையில் ஆணையத்தின் சார்பில் வழக்கை நடத்துபவர் தனி. முடிவு செய்யும் நேரத்தில் உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்பவர் தனி. அலுவலகத் தலைவரின் பதவிப் பெயரும் இயக்குநர், தலைமைச் சட்ட ஆலோசகர் என்று ஆயிற்று. இந்த வேலிகளைப் போடுவதும் அவை தாண்டப்படாமல் பார்ப்பதும் இன்று அவருடைய கடமைகளில் ஒன்று.

கதை அத்துடன் முடியவில்லை. காவலரைக் கவனிப்பவர் யார் என்ற கேள்வி ஒருநாள் இந்த அலுவலகத்தின் வாயிலுக்கே வந்தது. 2016ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றத்தின் குழு ஒன்று, ஆணையத்தின் பணிகளைத் தணிக்கை செய்யும்படி மாநிலத் தலைமைத் தணிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. அதுவரை அப்படி ஒரு தணிக்கை நடந்ததே இல்லை. தணிக்கையாளர் இரகசியக் கோப்புகளையும் பார்க்கவேண்டும் என்றார். ஆணையம் மறுத்தது. முறையிட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் கொடுத்த வாக்குறுதி என்ன ஆவது என்பது அதன் கவலை. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. கீழ் நீதிமன்றம் ஆணையத்துக்குச் சாதகமாகவே சொன்னது. பிறகு இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, இரகசியம் காக்கப்படும் வகையில் தணிக்கை நடந்தது.

2019ஆம் ஆண்டில் வெளியான தணிக்கை அறிக்கை பல குறைகளை எடுத்துச் சொன்னது. சில விசாரணைகளில் எடுக்கவேண்டிய நடவடிக்கைகள் எல்லாம் எடுக்கப்படவில்லை. ஒரே நீதிபதியின்மேல் திரும்பத் திரும்ப வரும் புகார்களைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் போதவில்லை. மின்னணு முறையில் முறையீடு அனுப்ப வசதி இல்லை. விசாரிப்பவர்களும் தண்டனையை முடிவு செய்பவர்களும் ஒரே குழுவாக இருப்பது சரியன்று. குறைகளைச் சொன்னதோடு, அமைப்பை மாற்றவும் அது ஆலோசனை கூறியது. நீதிபதிகளின் கோப்புகளை அத்தனை ஆண்டுகள் ஆராய்ந்த அலுவலகத்துக்குத் தன் கோப்பும் ஆராயப்படும் நாள் வந்தது. அப்படி வந்ததில் இழிவு ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்கு உட்படுவது நீதிபதிக்கு நல்லது என்றால், அது அந்த அலுவலகத்துக்கும் நல்லதே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? இத்தகைய அலுவலகத்தின் தலைவர் இரண்டு தவறுகளுக்கு நடுவே நடக்கிறார். புகார் வந்ததெல்லாம் உண்மை என்று எண்ணினால் நேர்மையான நீதிபதியின் மனவுறுதியைக் குலைத்துவிடுவார். அதனால் நட்டப்படுபவர், துணிந்து தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று காத்திருக்கும் ஏழை வழக்காளியே. புகார் எழுதியவரெல்லாம் தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறார் என்று எண்ணினால், உண்மையாகவே அநீதிக்கு ஆளானவரின் கடிதம் மேசை இழுப்பறையிலே மங்கிப்போகும். முதல் தவறு செய்தித்தாளில் வரும், எல்லோரும் கண்டிப்பார்கள். இரண்டாவது தவறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது அதிக ஆபத்தானது. அதைத் தடுக்க ஒரே வழி, மூடப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும், ஏன் மூடினோம் என்ற காரணத்தை நாளை வேறொருவர் படித்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதி வைப்பதுதான்.

நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டில் நீதிபதிகளுக்கான நன்னெறிக் கோவை வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் நீதிபதிகள் நன்னெறிக் குழுச் சட்டம் வந்தது. பதவி நீக்கம் என்ற பெரிய கோடரி ஒன்றே இருந்த நிலை மாறி, அதற்குக் கீழ்ப்பட்ட குறைகளை ஆராயவும் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. கலிபோர்னியாவின் முறை வேறு, நம் முறை வேறு. ஆனால் எந்த முறையாக இருந்தாலும், சட்டத்தின் எழுத்தைப் போலவே முக்கியமானது, முறையீட்டை வாங்கி வைக்கும் மேசையில் அமர்ந்திருப்பவரின் நேர்மை.

பாண்டியன் நெடுஞ்செழியன் தவறு செய்தான். தவறு தெரிந்தவுடன் உயிரையே விட்டான். அதனால் அவன் புகழ் நிலைத்தது. ஆனால் தவறு அவனுக்குத் தெரிய வழி செய்தவன், அஞ்சினாலும் உள்ளதை உள்ளபடி உள்ளே கொண்டுபோய்ச் சொன்ன அந்த வாயிற்காவலன். இலக்கியம் அவனுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. இன்றும் அந்த வேலையைச் செய்பவர்களுக்குப் பெயரும் புகழும் அதிகம் இல்லை. ஆனால் குடிமகன் ஒருவன் நீதிபதியின்மேலும் முறையிடலாம், அந்த முறையீடு படிக்கப்படும் என்று நம்புகிறான் அல்லவா? அந்த நம்பிக்கை அவர்களால்தான் நிற்கிறது.